உரிக்காத தாள்

மேசைமேல் கணினி வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கிறது. புது பிராசசர் போட்டதிலிருந்து பழையதைவிட மெதுவாக ஓடுகிறது. ஒரு படத்தைத் திறப்பதற்குள் உள்ளிருக்கும் விசிறி மூச்சிரைக்கிறது. மனைவி செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் திருகாணிகளைக் கழற்றி, பிராசசரின் சூட்டை இழுக்க வேண்டிய அலுமினியக் கட்டியைத் தூக்குகிறான். அதன் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் பளபளக்கிறது. மாட்டும் முன் உரிக்கவும் என்று சிவப்பெழுத்து. இந்தத் தாள் தடுத்துச் சூடு வெளியேறாததால்தான் கணினி மெதுவாகியிருக்கிறது. "எனக்குத் தெரியாததா?" என்று கடைக்காரரின் வாயை அடைத்துவிட்டு வந்து, தாளோடு மாட்டியவன் அவன்தான். காது மடல் சுடுகிறது. "உன் வீடியோவெல்லாம் அடைச்சுக்கிட்டுதான் இது இழுக்குது" என்று நேற்று அவன் கத்தியபோது, மகள் பேசப் பழகிய நாட்களை மனைவி ஒவ்வொன்றாக அழித்தாள். வேறெங்கும் பிரதி இல்லை. திரையிலிருந்த குப்பைத்தொட்டியைக் காலி செய்தவனும் அவன்தான்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல, தூசி."

அவன் கட்டைவிரலால் தாளை மூடுகிறான். விரலைத் தாண்டிச் சிவப்பெழுத்தின் வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் அங்கேயே நிற்கிறது, நகரவில்லை.

"இப்ப ஓடுமா?" அவள் குரலில் கோபமே இல்லை. "இல்ல, இன்னும் ஏதாச்சும் அழிக்கணுமா?"