ஆறாத எரு

"ஆறிடுச்சுன்னு நீதானேக்கா சொன்னே?"

"மேல கை வெச்சுப் பார்த்தேன்டி. சில்லுன்னுதான் இருந்துச்சு."

"உள்ள கம்பி விட்டுப் பார்த்தியா?"

அக்கா கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொள்கிறாள். தங்கை கோழி எருக் குவியலின் நடுவில் இரும்புக் கம்பியைச் செருகி, நூறு எண்ணிவிட்டு உருவுகிறாள். தொட்ட விரல்களைச் சட்டென்று உதறுகிறாள். கம்பி நுனியில் மெல்லிய ஆவி. கூடவே கண்ணைக் கரிக்கும் நெடி. குவியலின் மறுபாதி நேற்றே ஆரஞ்சு மரங்களின் அடியில் வட்டம் வட்டமாகப் போய்விட்டது. தண்ணீரும் பாய்ச்சியாயிற்று. ஐந்து வருடக் காத்திருப்புக்குப் பின் மரங்களில் முதல் பிஞ்சுகள், மிளகளவில். "உலை கொதிக்கும் முன்னே தட்டைத் தூக்கிட்டு உட்கார்றவதானே நீ" என்று தங்கை சிரிக்கப் பார்க்கிறாள். சிரிப்பு பாதியில் நிற்கிறது. முதல் வரிசையில் இலைகள் ஓரம் சுருண்டு, எதையோ மறைத்து மூடிய உள்ளங்கைகளைப் போலத் தொங்குகின்றன. அவற்றின் கீழே ஏதோ அசைகிறது. எரு வட்டத்திலிருந்து மண்புழுக்கள் மேலே வருகின்றன. ஒன்று, பத்து, பிறகு எண்ண முடியாத அளவு. உச்சிவெயில் காயும் மண்ணின் மேல், பளபளக்கும் ஈர உடம்புடன், மரத்தை விட்டு விலகி விலகி நெளிகின்றன. முன்னால் போனவை காய்ந்து நூலாகிக் கிடக்கின்றன. பின்னால் வருபவை அவற்றின் மேலேறிப் போகின்றன. அக்கா வெற்றுக் கூடையை இடுப்போடு அணைத்தபடி அவற்றையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அடுத்த வரிசையிலும் மண் மெல்ல அசைகிறது.

"அக்கா, கூடையக் கீழ வை. வேர் வெந்து போறதுக்குள்ள எருவச் சுரண்டி எடுத்துடலாம். மண்வெட்டிய எடுத்துட்டு வாக்கா..."