படகில் ஒருவர்

“படகில் ஒருவர்,” என்றது படகு.

நிலோஜனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்ட ஆளில்லாமல் தானே ஓடும் படகு அது. அதைச் செய்தவன் அவன். நாளைக் காலையில் கண் தெரியாத பிள்ளைகளும் நடக்க முடியாத பிள்ளைகளும் இதில் ஏறி வாவியைக் கடக்கப் போகிறார்கள். இன்றைக்குப் பார்த்தா இந்தச் சனியன் இப்படிச் சொல்ல வேண்டும்?

“திரும்ப எண்ணு!” முன்பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த கிருசிகா கத்தினாள்.

“படகில் ஒருவர்.”

“பழைய புத்தி போகல்ல, பாத்தியா? உன்ன மறுகாவும் விட்டுட்டு எண்ணுது,” என்றான் நிலோஜன்.

போன மாதம் இதே படகு அவளைச் சாமான் என்று நினைத்துக் கல்லடித் துறையிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டது. அன்றைக்கு அவள் ஆடிய ஆட்டம்!

“நான் உங்கட பரிசோதனைச் சாமான் இல்லண்ணா. நானும் ஆராய்ச்சி செய்யிற ஆள். எத்தின பேர் இரிக்காங்க எண்டு படகு எண்ணட்டும். ஒராள் குறைஞ்சா, குறைஞ்ச இடத்துக்கே திரும்பிப் போய்த் தேடட்டும்.”

“ஆளையும் ஆரும் மறந்துபோட்டுப் போவாங்களா புள்ள?” என்று சிரித்தாலும், அவள் சொன்னபடியே படகைப் பழக்கியிருந்தான்.

இன்று மாலை சோதனை ஓட்டம். நடு வாவியில், தண்ணீரில் மிதந்து படரும் ஆற்றுவாழைச் செடி சுற்றி, படகைத் தள்ளும் விசிறி நின்றுவிட்டது. நிலோஜன்தான் இறங்கிச் சுத்தம் செய்தான். பழைய வலைத்துண்டு ஒன்று காலில் சிக்கிக்கொண்டு நேரமாக்கிவிட்டது. அதற்குள் காற்று படகை வெகுதூரம் தள்ளியிருந்தது.

இருட்டிக்கொண்டு வந்தது. காற்று ஊளையிட்டது. படகில் நனைந்த சட்டையோடு நின்றும் அவனுக்குக் குளிரவில்லை.

“கோவமா தங்கச்சி? கல்லடிக்குப் போனதும் திருத்திருவன்.”

கிருசிகா திரும்பியும் பார்க்கவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்தாள்.

“பிரதீஸ் அண்ணா, ஒராள் குறையுது. கெதியா தோணி எடுத்துட்டு வாங்க!”

‘என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் கரையில் நிற்கும் பிரதீஸிடமே முறைப்பாடா!’ நிலோஜனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பாவம், அழுதுகொண்டிருந்தாள். இரண்டாம் தடவையும் தன்னை ஆளாக எண்ணவில்லை என்றால் யாருக்குத்தான் வலிக்காது?

திடீரென்று படகு தானே இயங்கியது. கரைக்குப் போகவில்லை. வந்த வழியே திரும்பியது.

“எங்க போற? நில்!” நிலோஜன் நிறுத்தும் பொத்தானை ஓங்கி அழுத்தினான். படகு கேட்கவில்லை.

“போ, கெதியா போ!” என்று விம்மினாள் கிருசிகா.

ஆற்றுவாழைக் கூட்டத்தின் நடுவே படகு நின்றது. விளக்கைத் தண்ணீருக்குள் அடித்தது.

“ஆள் குறைந்த இடம் இதுதான்,” என்றது.

“நிலோஜன் அண்ணா!” கிருசிகாவின் அலறல் வாவியெங்கும் கேட்டது.

“இஞ்சதானே நிக்கிறன், ஏன் கத்துற?” என்றபடி அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான் நிலோஜன்.

தண்ணீருக்குள், காலில் பழைய வலை சுற்றியபடி, கண்ணைத் திறந்துகொண்டு அவனே கிடந்தான்.