குளிக்காத நீர்யானை

பெட்டியைத் திறந்ததும் அக்கா முதலில் எடுத்தது புத்தகங்களைத்தான்.

சட்டைகள், காலுறைகள், மிட்டாய்ப் பொட்டலங்கள் எல்லாம் அடியில் கிடந்தன. புத்தகங்களை எடுத்துத் தரையில் கடை பரப்பினாள். எல்லாம் புத்தம் புதிய படப் புத்தகங்கள். கடித்தாலும் கிழியாத தடித்த பக்கங்கள். ஒன்றில் கதவு மாதிரி ஒரு மடிப்பைத் திறந்தால் உள்ளே பூனை. இன்னொன்றில் ஆட்டுக்குட்டியின் முதுகில் தடவிப் பார்க்க நிஜப் பஞ்சு.

வாண்டு என் சட்டை நுனியைப் பிடித்தபடி, என் இடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

வாண்டு அக்காவின் மகள். அவள் தவழத் தொடங்கும் முன்பே அக்கா, அத்தான் வேலை பார்க்கும் நாட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் இருவருக்கும் வேலை. குழந்தைக்கு அனுமதி கிடைக்கும்வரை பார்த்துக்கொள் என்று என்னிடம் விட்டுப் போனாள். நான் வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள், எனக்கென்ன சிரமம் என்றுதான் நானும் வாங்கிக்கொண்டேன். இதோ, அதோ என்று வாண்டுக்கு நான்கு வயது முடியப் போகிறது. இப்போதுதான் அனுமதி வந்தது.

அழைத்துப் போக வந்திருக்கிறாள். நாளை மறுநாள் விமானம்.

வாண்டு என்னை அம்மா என்று கூப்பிட நான் ஒருநாளும் விட்டதில்லை. வாய் தவறி வந்தாலும் சித்தி என்று திருத்துவேன். கைப்பேசியில் அக்கா முகம் தெரியும்போதெல்லாம், அம்மா பாரு, அம்மா பாரு என்று காட்டுவேன். அதனால் வந்த வினை, அம்மா என்றால் அவளுக்குக் கைப்பேசிக்குள் இருப்பவள்.

நேற்று அக்கா வாசலில் வந்து நின்றபோது, வாண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே ஓடிப் போய்க் கைப்பேசியை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். அம்மாவைக் கூப்பிட வேண்டுமாம். வீட்டுக்கு யாரோ வந்திருப்பதைச் சொல்ல வேண்டுமாம்.

அக்கா சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இன்று காலையில் தலை வாரிவிடக் கூப்பிட்டாள். வாண்டு தையல் இயந்திரத்துக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டாள். சோறு ஊட்டப் போனாள். வாண்டு வாயைத் திறக்கவே இல்லை. கடைசியாக இருந்தவை இந்தப் புத்தகங்கள்தான்.

அக்கா ஒன்றை எடுத்து ஆட்டிக் காட்டினாள். குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நீர்யானை. அட்டையில் அது கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தது. தலை மட்டும்தான் ஒளிந்திருந்தது. பின்பக்கம் முழுக்க வெளியே.

வாண்டு களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அக்காவின் முகம் மலர்ந்தது. வா என்று மடியைத் தட்டினாள்.

வாண்டு வந்தாள். புத்தகத்தைப் பிடுங்கினாள். நேராகத் திரும்பி வந்து என் மடியில் உட்கார்ந்தாள்.

"சித்தி, படி."

அக்காவின் கை, தட்டிய இடத்திலேயே கிடந்தது.

முதல் பக்கத்தைத் திறந்தேன். அந்த ஊர் மொழி. வாண்டின் உச்சந்தலை என் தாடையை இடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு இதெல்லாம் படிக்கத் தெரியாதுடா. அம்மாவுக்குத்தான் தெரியும். போய்க் கேளு."

சித்திக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று நம்ப அவள் தயாராக இல்லை. படத்தைப் பார்த்தாவது சொல்லு என்றாள். மருந்துக்கடை நாட்காட்டியைக்கூட அவளுக்குக் கதையாக்கியிருக்கிறேன். இதற்குக் கதை வரவில்லை என்றேன்.

அவள் கண் கைப்பேசியைத் தேடியது. நான் அக்காவைக் காட்டினேன்.

வாண்டு யோசித்தாள். நீர்யானையின் பின்பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு இறங்கிப் போய், எட்டவே நின்றுகொண்டு, புத்தகத்தை நீட்டினாள்.

அக்கா படித்தாள். அந்த மொழியில் ஒரு வரி, பிறகு தமிழில் ஒரு வரி. குரல் நடுங்கியது. நீர்யானையும் நடுங்கி நடுங்கியே பேசியது. தண்ணீர் குளிர்கிறது போல என்று வாண்டு எடுத்துக்கொண்டாள். அது அவளுக்குப் பிடித்துப் போனது. ஒரு பக்கம் புரள்வதற்குள் அக்காவின் முட்டியில் சாய்ந்தாள். அடுத்த பக்கத்தில் மடியில் இருந்தாள்.

அவள் உட்கார்ந்திருந்த சூடு என் மடியில் இன்னும் ஆறவில்லை.

நீர்யானைக்கு அந்த மொழியில் உள்ள சொல்லை அக்கா ஒவ்வொரு முறையும் தப்பாகவே வாசித்தாள். அதில் ஓர் எழுத்து எழுத்தில் இருக்கும், ஒலியில் இருக்காது. அவள் அதையும் சேர்த்து உச்சரித்தாள். சலவை அறையில் நீர்யானையைப் பற்றிப் பேச அவளுக்கு என்ன அவசியம் வந்திருக்கும்.

அதைச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியும்.

போன வருடம் முழுக்க, வாண்டு மதியம் தூங்கும் நேரத்தில், கைப்பேசியில் அந்த மொழியைப் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்து, எண்கள், காய்கறிகள், விலங்குகள். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. விமானத்தை விட்டு இறங்கியதும் அத்தானை அந்த மொழியிலேயே நலம் விசாரித்து அசத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் விண்ணப்பித்தார். வாண்டுக்கு வந்தது. எனக்கு வரவில்லை. அந்த நாட்டுச் சட்டத்தில் சித்தி என்று ஓர் உறவே கிடையாதாம்.

கதை முடிந்ததும் வாண்டு மறுபடியும் முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். அப்போதுதான் என் நினைவு வந்திருக்க வேண்டும். பாவம், சித்திக்கு ஒன்றும் தெரியாது. மடியில் இருந்தபடியே புத்தகத்தை என் பக்கம் திருப்பி, நீர்யானையின் மேல் விரலை வைத்து, அந்தச் சொல்லை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அக்கா சொன்ன மாதிரியே.

"இப்ப நீ சொல்லு சித்தி."

அக்காவும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நானும் அதே தப்போடு சொன்னேன்.