பதினேழு சிவப்புக் கோடுகள்

வெலிங்டன் துறைமுகத்தைப் பார்த்திருக்கும் அலுவலகக் கண்ணாடியைத் தென்காற்று உலுக்குகிறது. கீழே, கப்பலுக்குச் சீட்டு எடுக்க முடியாதவர்களின் வரிசை மழையில் நனைகிறது. காலையிலிருந்து சீட்டு விற்கும் சர்வர் விழுந்து கிடக்கிறது. பயணிகள் பார்க்கும் திரையைக் குறிக்கும், பிரவுசரில் மட்டுமே இருக்கும் ‘விண்டோ’வைச் சர்வருக்கான நிரலில் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கே எது உண்டு என்று சொல்லும் பிரவுசர், சர்வர் வகை வரையறைகள் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடப்பதால், நிரல் ஓடும் முன்பே பிழை காட்டவேண்டிய டைப்ஸ்கிரிப்ட் அதைத் தவறென்று சொல்லவே இல்லை. “நீங்கதானே, நைரி, இந்த நிரலைச் சரிபார்த்தது? என்னத்தப் பாத்தீங்க?” என்கிறார் குழுத் தலைவர் டங்கன், எல்லோர் காதிலும் விழும்படி. நைரியின் காதுமடல் சிவக்கிறது. “ரெண்டையும் பிரிக்கணும்னு மூணு தடவ எழுதிக் கேட்டேன். அலங்கார வேலைக்கெல்லாம் நேரமில்லன்னு சொன்னது யாரு?” “பழசையெல்லாம் இப்ப எதுக்குக் கிளறுறீங்க?” அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் நகர்த்துகிறாள். சர்வருக்கான அமைப்புக் கோப்பைத் திறந்து, பிரவுசர் வரையறைகளை உள்ளே இழுத்துவரும் அந்த ஒற்றைச் சொல்லை அழிக்கிறாள். திரையில் சிவப்புக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிப் பதினேழில் நிற்கின்றன. இத்தனை நாள் மறைந்திருந்த பிழைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதியவர் பெயர் இருக்கிறது. நைரி திரையைக் குழுத் தலைவர் பக்கம் திருப்புகிறாள். “இதுல பதினொண்ணு நீங்க எழுதினது, டங்கன். சத்தமா வாசிக்கட்டுமா?”