ஒப்புக்கொடுத்த நாக்கு

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான் இருக்கணும் அக்கா," என்று சொல்லிவிட்டு விஜயகலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேற ஒரு காதுக்கும் போயிறக் கூடாது."

திங்கட்கிழமை காலை. தேயிலை மலைக்கு ஏறி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பறித்த கொழுந்து கூடையின் அடியை இன்னும் மூடவில்லை. பக்கத்து நிரையில் நின்ற ஜீவராணியின் கை தானாக நின்றது.

"என்ன புள்ள, சொல்லு."

"வாற ஞாயித்துக்கிழம, காலையில பத்து மணிக்கு, எங்க சசிரேகாவப் பொண்ணு பாக்க வாராங்க. மாப்பிள்ள இரத்தினபுரியில மாணிக்கக் கல்லுக் கடையில வேல. எங்க வீட்டுக்காரரு அவராவே பேசி முடிச்சிட்டாரு. அன்னிக்கே வெத்தல பாக்கு மாத்துறாங்களாம்."

ஜீவராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சசிரேகாவுக்கும் நாலாம் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் இருளாயியின் மகன் கிருஷாந்துக்கும் பழக்கம் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இருளாயியும் அவளை மருமகளே என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் முறைப்படி வந்து பெண் கேட்பதற்கு மட்டும், கூரைத் தகரம் மாற்றிவிட்டு வருகிறேன், தையில் வருகிறேன் என்று இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

"முக்கியமா இருளாயி அக்கா காதுக்குப் போயிறவே கூடாது. ஞாயித்துக்கிழம, பத்து மணி. ஞாபகம் வச்சுக்கங்க."

கங்காணியின் குரல் கேட்டதும் விஜயகலா தன் நிரைக்கு நகர்ந்துவிட்டாள்.

ஜீவராணியிடம் ரகசியம் சொல்வதும் திருவிழா ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். காலையில் அவள் காதில் விழுந்தது, பகல் தேத்தண்ணிக்குள் ஆறு லயத்தையும் சுற்றிவிட்டு அவளிடமே திரும்பி வரும். பாவம், அழுகை முட்டிக்கொண்டு வரும்போது பக்கத்தில் நிற்பது யாரென்று யார்தான் பார்க்கிறார்கள்?

ஆனால் விஜயகலாவுக்குத் தெரியாத ஒன்று முந்தைய நாள் நடந்திருந்தது.

ஞாயிறு ஆராதனையில் பலாங்கொடையிலிருந்து வந்த பாஸ்டர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். "முழுசா ஒப்புக்குடுக்கிறேன்னு பாடுறது லேசு. எதக் குடுத்தா ஒங்களுக்கு ரொம்ப வலிக்குமோ, அதச் சொல்லிக் குடுங்க," என்றார். ஒருவர் வெற்றிலையைக் கொடுத்தார். இன்னொரு பெண் தொலைக்காட்சி நாடகத்தைக் கொடுத்தாள்.

"நான் என் நாக்கக் குடுக்கிறேன் ஆண்டவரே," என்றாள் ஜீவராணி.

அதுவரை ஆளுக்கொரு பக்கமாக வந்துகொண்டிருந்த 'ஆமென்', அப்போதுதான் சபையின் கூரைத் தகரம் அதிர வந்தது. அவள் புருஷனின் குரல்தான் அதில் ஓங்கிக் கேட்டது.

மறுநாளே இப்படி ஒரு சோதனை. ஜீவராணி அந்த வாரம் பட்ட பாட்டை அவள்தான் அறிவாள். வேலைக்கு வருகிறவர்கள் குழந்தைகளை விட்டுவரும் பிள்ளை மடுவத்தில் பேச்சு கல்யாணத்தின் பக்கம் திரும்பினால் பாட்டுப் பாடினாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கடைசி ஆளாகப் போய் நின்றாள்.

வியாழக்கிழமைதான் உச்சம். மலைத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனால், அங்கே இருளாயியே நிற்கிறாள்.

"ஜீவராணி, விஜயகலா வீட்டுல சுண்ணாம்பு அடிக்கிறாங்களே, என்ன விசேஷம்?"

வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்துவிட்டது. ஜீவராணி சட்டென்று பீலியில் குனிந்து வாய் நிறையத் தண்ணீரை எடுத்துக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்பிய நிலையில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டுப் படி வரை துப்பாமல் நடந்தாள். இருளாயி அவளுக்குப் பல்வலி என்று நினைத்துக்கொண்டாள்.

விஜயகலாவும் சும்மா இருக்கவில்லை. தினமும் மலையில் ஒரு தடவையாவது கிட்டே வந்து, "யாரும் ஏதும் கேட்டாங்களா அக்கா? இருளாயி அக்கா ஏதும் சொன்னாங்களா?" என்று விசாரித்தாள். "ஒண்ணும் இல்ல புள்ள, நீ பயப்படாத," என்று ஜீவராணி சொல்லும்போதெல்லாம் அவள் முகம் இன்னும் வாடியது. பெற்ற வயிறு பயப்படத்தானே செய்யும் என்று ஜீவராணி அவளுக்காக ஜெபமும் செய்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். விஜயகலாவின் வீட்டு வாசலில் சசிரேகா அழுது வீங்கிய முகத்தோடு, நாளைக்கு வருகிறவர்களுக்காகப் பித்தளைத் தட்டைத் துலக்கிக்கொண்டிருந்தாள். ஜீவராணிக்கு மனசு கனத்தது. கூடவே, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரகசியத்தைக் காப்பாற்றிய சந்தோஷத்தையும் அவளால் அடக்க முடியவில்லை.

"புள்ள, இனியும் ஒனக்குப் பயம் வேணாம். போன ஞாயித்துக்கிழம சபையில என் நாக்க ஆண்டவருக்கு ஒப்புக்குடுத்துட்டேன். நீ சொன்னத இந்த அஞ்சாறு நாளா ஒரு குருவிகிட்டகூடச் சொல்லல. இருளாயி வாயத் தொறந்து கேட்டா. நான் தொறக்கல."

விஜயகலா தலையிலிருந்த கூடையைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்துவிட்டாள். மகளைப் பார்த்தாள். நாலாம் லயத்தைப் பார்த்தாள். இருட்ட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

நன்றி சொல்லத்தான் வார்த்தை வராமல் தவிக்கிறாள் என்று நினைத்து, ஜீவராணி குனிந்து அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். விஜயகலா அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, குடுத்த நாக்க ஆண்டவர்கிட்ட ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கிட்டு, இருளாயி அக்கா வீட்டுக்கு ஓடுங்க."