மூடிய அறையில் ஒரு முள்

கருவிக்குப் போகும் மின்சாரத்தை அவள் நிறுத்தினாள்.

திரையில் முள்ளாய் எழுந்த கோடு அப்படியே நின்றது.

"அப்ப என் மெஷின் இல்லைதானே மேடம்?"

தயாபரன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் கருவி அவருடையது. ரேடியோ அலைக்கசிவு அதிகம் என்று போன முறை இந்தச் சோதனைக்கூடத்தில் தேறாமல் திரும்பியது. இம்முறையும் தேறாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

"உங்களுது இல்லை சார். ஆனா இந்த முள்ளு போகாம டெஸ்ட் பண்ண முடியாது."

இரும்புச் சுவர்களும் கனத்த கதவும் கொண்ட அறைக்குள் இருந்தது கருவி. கதவைச் சாத்திவிட்டால் ஊரின் ஓர் அலையும் உள்ளே நுழையாது. உள்ளே பிறந்த அலையும் வெளியேறாது. உள்ளிருக்கும் ஆன்டெனா கேட்பதை, வெளியே ஸ்பெக்ட்ரம் அனலைசர் கோடாக வரைந்து காட்டும். கருவியை நிறுத்திவிட்டால் அந்தக் கோடு தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும்.

முள் மறைந்தது.

மறுபடி எழுந்தது. முன்னைவிட உயரமாக.

உதவியாளன் கமலக்கண்ணன் சிரித்தான்.

"யாரோ போனை உள்ள விட்டுட்டு வந்திருக்காங்க மேடம். நம்ம எட்வின் சார் மாதிரியே..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கதவருகே இருந்த தட்டில் மூவருடைய போன்களும் கிடந்தன.

ஆனாலும் உள்ளே போய்த் தேடினார்கள். மேசையடியில். சுவரெங்கும் நீட்டிக்கொண்டிருந்த கறுப்பு நுரைக் கூம்புகளுக்கு இடையில். குழந்தைக் கருவியின் மெத்தைக்கு அடியில்.

எதுவும் இல்லை.

கதவைச் சாத்தினார்கள். முள் எழுந்தது.

எட்வின் அவளுடைய கணவன். இப்போது அவள் இருக்கும் நாற்காலியில் வேலை பார்த்தவன். போனை உள்ளேயே மறந்துவிட்டு வந்து, வாடிக்கையாளரின் கருவிமீது பழி சொல்வான். அவள் திட்டினால் சிரிப்பான்.

"டவர் கிடைக்காத போன் சும்மா இருக்காதுடி. கிடைக்கிற வரைக்கும் சத்தத்தைக் கூட்டிக்கிட்டே கூப்பிடும்."

சென்ற மழையில், பாலத்துக்குக் கீழே அவனுடைய வண்டி கிடைத்தது. அவனும் கிடைத்தான், உயிரில்லாமல்.

போன் கிடைக்கவில்லை.

முள் இப்போது திரையின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

ஊரின் அலைகளெல்லாம் உள்ளே பாய்ந்தன. திரை காடாயிற்று. அந்த ஒற்றை முள் எதுவென்று இனி யாராலும் சொல்ல முடியாது.

தட்டில் ஒரு போன் அதிர்ந்தது.

அவளுடையது.

எடுத்துக் கொடுக்கக் குனிந்த கமலக்கண்ணன், அழைப்பவர் பெயரைப் படித்தான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

தயாபரன் ஆவலோடு வந்து கதவின் பிடியில் கை வைத்தார்.

"போயிடுச்சா மேடம்? சாத்திடட்டுமா?"

அவள் போனைக் காதில் வைத்தாள்.

மற்றொரு கையால், கதவைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொண்டாள்.