மேலே தெரிந்த பக்கம்

1932 ஜனவரி 19, செவ்வாய். நேற்று ஓடுகள் ஏழு என்று எழுதியது தவறு. தலைப்பக்க ஓட்டை விட்டுவிட்டேன். எட்டு.

பாறை மறைவில் குத்தவைத்தபடி ஞானபாய் தன் நோட்டில் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். மாலை வகுப்பில் ரசலையன் வாத்தியார் சிரிப்பாரோ?

முதுகில் ஓடு அடுக்கிய அந்தச் சிறு பிராணிக்குக் கைட்டன் என்று பெயர் சொன்னவர் அவர்தான். கல்லுக்கு அடியில் ஒட்டிக் கிடக்கும். தினமும் இடம் மாறுகிறதா என்று பார்த்து எழுதச் சொல்லியிருந்தார்.

நாளுக்கு நான்கு கல். புரட்டுவாள், ஓடுகளை எண்ணுவாள், மேலே தெரிந்த பக்கத்தில் தாரால் எண் போடுவாள், போய்விடுவாள்.

மறுநாள் வந்தால் ஓர் எண்ணையும் காணோம். குளச்சல் கரை முழுக்க ஒரே மாதிரிக் கறுத்த கற்கள்.

உப்புத் தண்ணீரில் தார் கரையாது. யாரோ சுரண்டுகிறார்கள்.

யாரோ என்ன யாரோ! அவளைத் தவிர அங்கே வருவது சிப்பி பொறுக்கும் சுலைகா பீவி ஒருத்திதான். ஞானபாய் கிளம்பும்வரை எட்ட நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பார்வையே சரியில்லை.

நேற்றே புகார் எழுதி வாத்தியாரிடம் கொடுத்தாயிற்று. நாளைக் காலை அவர் அதைக் கிராம அதிகாரியான பார்வத்தியக்காரரிடம் சேர்ப்பார். அதன்பின் சுலைகா அந்தப் பாறைகளில் கால் வைக்க முடியாது. அவள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சிப்பியால்தான்.

இருக்கட்டும். கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் தன் மனதுக்கும் உறுத்தாது.

சுலைகா வந்தாள். ஞானபாய் இன்று எண் போட்டிருந்த கல்லுக்குத்தான் நேரே போனாள்.

கூடையை இறக்கிவைத்தாள். குனிந்து, இரண்டு கையாலும் கல்லை மெல்லப் புரட்டினாள். பதின்மூன்று என்ற எண் மணலுக்குள் போயிற்று.

அடுத்த கல்லுக்கு நகர்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏட்டி படிப்புக்காரி, ஒளிஞ்சிருந்தது போதும். ஒருத்தருக்க கூரையப் பிரிச்சுப் பாத்தா மூடிட்டுப் போவண்டாமா? வெயிலுல காஞ்சு செத்துப்போவுமில்லா! நாலு நாளா ஒனக்க பின்னால வந்து குனிஞ்சு குனிஞ்சு மூடி எனக்க நடுவு ஒடிஞ்சுது."

ஞானபாய் பாறை மறைவிலிருந்து எழுந்தாள்.

பதினான்கும் மணலுக்குள் போயிற்று.

ஞானபாய் நோட்டைத் திறந்தாள். எட்டு என்பதற்குக் கீழே எழுதினாள்:

இன்று மாலை: வகுப்பில் வாத்தியாரிடமிருந்து புகாரைத் திரும்ப வாங்க வேண்டும்.